யாருடைய அடிச்சுவடு? – சிவனொளிபாத மலை யாத்திரையின் வரலாறு



அண்மையில் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு 'நான் காண விரும்பும் இடம்' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதப் பணித்திருந்தேன். பெரும்பாலோர் பாரிசையும் தோக்கியோவையும் விரும்பியிருந்தனர். ஒரு மாணவன் மட்டும் இலங்கையின் சிவனொளிபாத மலையைத் தேர்ந்திருந்தான். நல்ல நடை, சந்திப்பிழை ஒன்றுகூட இல்லை. இறுதிப் பத்தியில் இவ்வாறு முடித்திருந்தான்: "இது சிவபெருமானின் பாதம். இது தமிழரின் மலை. பின்னால் வந்த பௌத்தர்கள் இதைப் பறித்துக்கொண்டார்கள்."

சிவப்பு மையை எடுத்தேன். எங்கே கோடு போடுவது என்று தெரியவில்லை. "இதை எங்கே படித்தாய், தம்பி?" என்று கேட்டேன். "இணையத்தில் இருந்தது, ஐயா" என்றான். ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது உடன் பணியாற்றும் நண்பர் ஒருவர் நேர்மாறாகப் பேசினார். "தேயிலைத் தோட்டத்திற்குக் கூலியாகப் போன பிறகுதானே தமிழர்கள் அந்த மலையையே பார்த்தார்கள்? அதற்கு முன்னே அது முழுக்க முழுக்கப் புத்த மலைதான்" என்றார் அவர்.

மாணவன் சொன்னதும் பிழை, நண்பர் சொன்னதும் பிழை என்பதே நான் படித்தறிந்த முடிவு. அதை வகுப்பறையில் ஐந்து நிமிடத்தில் விளக்க இயலாது. ஆகவேதான் இக்கட்டுரை.

முதலில் மலையைப் பற்றிச் சிறிது. இலங்கையின் நடுமலைநாட்டின் தென்மேற்கு விளிம்பில், கூம்பு போல் தனித்து எழுந்து நிற்கும் இச்சிகரத்தின் உயரம் 2,243 மீட்டர். நம் கேமரன் மலையின் பிரிஞ்சாங் சிகரத்தைவிட ஏறக்குறைய இருநூறு மீட்டர் அதிகம். தீவின் மிக உயர்ந்த மலை இதுவன்று. அப்பெருமை 2,524 மீட்டர் உயரமுள்ள பிதுருதலாகலைக்கு உரியது. ஆயினும் பிதுருதலாகலையைத் தேடித்தான் காணவேண்டும். சிவனொளிபாதமோ கடலில் வரும் மாலுமியின் கண்ணுக்கும் தானே தென்படும். திசைகாட்டி இல்லாத காலத்தில் கப்பலோட்டிகள் இம்மலையை அடையாளமாகக் கொண்டே கரையை நெருங்கினர். பல நாட்டவரும் பல சமயத்தவரும் இம்மலைக்குப் பெயர் சூட்டியதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

உச்சியிலுள்ள பாறையில் ஒரு பெரிய பாதத்தின் வடிவில் பள்ளம் ஒன்று உள்ளது. நீளம் ஏறத்தாழ 1.8 மீட்டர். இதைப் பௌத்தர்கள் புத்தரின் இடது அடிச்சுவடு என்பர். மலையை 'சிறீ பாத' என்றும் 'சமனல கந்த' என்றும் அழைப்பர். சைவர்களுக்கு இது சிவபெருமான் திருவடி. இசுலாமியர்களுக்குச் சொர்க்கத்திலிருந்து இறங்கிய ஆதம் நபி முதலில் கால் வைத்த இடம். போர்த்துக்கீசியர் வந்தபின் கிறித்தவர்களில் சிலர் புனித தோமையாரின் அடி என்றனர். ஒரே பள்ளம், நான்கு கால்கள்! மாணவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அதன் பிறகு, 'யார் எப்போது சொன்னார்கள்?' என்ற கேள்வியை அவர்கள் முன் வைக்கலாம். வரலாற்றுப் பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

பௌத்த மரபின் சான்றுகளே காலத்தால் முந்தியவை. புத்தர் மூன்றாம் முறை இலங்கைக்கு வந்தபோது சுமனகூடம் என்னும் இம்மலையில் தம் அடிச்சுவட்டைப் பதித்தார் என மகாவம்சம் கூறுகிறது. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையில் இரண்டாண்டுகள் தங்கிய சீனத் துறவி பாகியானும், மலையுச்சியில் புத்தரின் ஓர் அடிச்சுவடு உண்டெனத் தம் பயணக் குறிப்பில் எழுதியுள்ளார்.

இனி நம் மாணவன் அறிந்திருக்க வேண்டிய செய்திக்கு வருவோம். தமிழ் இலக்கியத்தில் இம்மலை எங்கே பேசப்படுகிறது? ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய மணிமேகலையில். மணிபல்லவத் தீவில் மணிமேகலையைச் சந்திக்கும் தீவதிலகை என்னும் காவல் தெய்வம், அருகிலுள்ள இரத்தின தீவத்தில் சமந்தம் என்னும் உயர்ந்த மலையுச்சியில் உள்ள திருவடிகளைப் பற்றிச் சொல்கிறாள். அந்த அடிகள் அறத்தின் தலைவனாகிய புத்தருடையவை. பிறவிக் கடலைக் கடக்க உதவும் தோணி போன்றவை என்பது அவள் கூற்று. பாத்திரம் பெற்ற காதையில் இதனைக் காணலாம். ஆக, தமிழில் இம்மலையைப் போற்றிய பழைய குரல் ஒரு பௌத்தக் குரல். அது தமிழ்க் குரலே, சாத்தனார் தமிழரே. 'தமிழர் – பௌத்தர்' என்று இரண்டு கட்சிகளாகப் பிரித்து எழுதியபோதே மாணவனின் கட்டுரை சறுக்கிவிட்டது. தமிழரில் பௌத்தர் இருந்த காலம் ஒன்று உண்டு. மணிமேகலை அக்காலத்தின் பிள்ளை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இலங்கையில் தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் இரண்டே. ஒன்று திருக்கோணமலை, மற்றொன்று திருக்கேதீச்சரம். சிவனொளிபாதத்திற்குத் தேவாரப் பதிகம் இல்லை. 'சமனொளி' என்ற பழைய பெயரே 'சிவனொளி' எனத் திரிந்தது என்று ஆய்வாளர் சிலர் கருதுவதற்கு இடமுண்டு. சமன் என்பது இம்மலையின் காவல் தெய்வத்தின் பெயர். இரத்தினபுரிக்கு அருகில் அவருக்குப் பெரிய தேவாலயம் உண்டு. ஆண்டுதோறும் யாத்திரைக் காலம் தொடங்கும்போது சமன் தெய்வத்தின் திருவுருவை ஊர்வலமாக மலையுச்சிக்குக் கொண்டு செல்வர். சிங்களத்தில் 'சமனல' என்றால் வண்ணத்துப்பூச்சி என்றும் பொருள். அப்பூச்சிகள் கூட்டங்கூட்டமாக இம்மலையை நோக்கிப் பறப்பதைக் கண்டு, அவையும் யாத்திரை போகின்றன என்று ஊரார் சொல்வதுண்டு.

பெயர் திரிந்தது என்பதனால் வழிபாடு பொய்யாகிவிடாது. இதைப் பெற்றோர்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எத்தனையோ ஊர்ப்பெயர்கள் திரிந்துள்ளன; அங்கே வாழ்ந்தவர்கள் பொய்யர்களா என்ன?

மன்னர்களின் காலத்திற்கு வருவோம். சோழரிடமிருந்து பொலன்னறுவையை மீட்ட முதலாம் விசயபாகு (1055–1110) இம்மலை யாத்திரைக்கு அறம் பல செய்தவன். அம்பகமுவையில் உள்ள அவனது கல்வெட்டும், சூளவம்சமும், வழிப்போக்கர்களுக்கு உணவும் தங்குமிடமும் கிடைக்குமாறு ஊர்களை அவன் மானியமாக விட்டதைக் கூறுகின்றன. அவற்றுள் ஒன்று கிலிமலை. அதே கல்வெட்டு வேறொரு செய்தியையும் தருகிறது: தாழ்ந்த குலத்தார் எனக் கருதப்பட்டோர் நின்று வணங்குவதற்கென்று, திருவடி உள்ள மேடைக்குக் கீழே தனி மேடை ஒன்று அமைக்கப்பட்டதாம். உச்சிக்குப் போயும் கீழேதான் நிற்க வேண்டியிருந்தது! பெருமையை மட்டும் சொல்லி இதை விட்டுவிடுவது நேர்மையாகாது என்பதால் எழுதுகிறேன். பின்னர் 13ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பராக்கிரமபாகுவின் அமைச்சர் தேவப்பதிராசர் ஆறுகளுக்குப் பாலங்கள் கட்டி, மலைக்குச் செல்லும் வழியைச் சீர்ப்படுத்தினார்.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனித்தான் வருகிறது.

மொரோக்கோ நாட்டுப் பயணி இபன் பதூதா 1344ஆம் ஆண்டில் மாலைத்தீவிலிருந்து புறப்பட்டு இலங்கையின் மேற்குக் கரையில் புத்தளத்தை அடைந்தார். அங்கே அப்போது இருந்தவர் யாழ்ப்பாணத்துத் தமிழ் மன்னராகிய ஆரியச் சக்கரவர்த்தி. மன்னருக்குப் பாரசீக மொழி தெரிந்திருந்தது. பதூதா சொன்ன தூரதேசத்துக் கதைகளை விரும்பிக் கேட்டார். 'உமக்கு என்ன வேண்டும்?' என்று மன்னர் வினவ, 'ஆதமின் திருவடியைக் காண்பதைத் தவிர வேறொன்றும் வேண்டேன்' என்றார் பயணி. மன்னர் உடனே பல்லக்கு ஒன்றும் துணையாட்களும் கொடுத்து அனுப்பினார். துணைக்குச் சென்றவர்களின் பட்டியலைப் பதூதாவே எழுதியுள்ளார்: நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், வேறு பத்துப் பேர், உணவுப் பொருள்களைச் சுமக்கப் பதினைந்து பேர்.

அந்த நான்கு யோகிகளைப் பற்றிப் பயணி போகிற போக்கில் ஒரு குறிப்புத் தருகிறார். அவர்கள் ஆண்டுதோறும் அத்திருவடிக்கு யாத்திரை செல்லும் வழக்கமுடையவர்களாம். ஆசிரியர்கள் இவ்வரியை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். 1344இல், ஒரு தமிழ் மன்னரின் ஆதரவில், யோகிகள் ஆண்டுதோறும் அந்த மலைக்குப் போய்வந்தனர். தேயிலைச் செடி அம்மலைச்சாரலுக்கு வருவதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர்! 'தோட்டத்திற்குப் போன பிறகுதான்' என்று சொன்ன என் நண்பருக்கு இதைக் காட்டினேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த முசுலிம் பயணிக்கு இந்து மன்னர் பல்லக்கா கொடுத்தார்?" என்று அவர் கேட்டார். ஆம், கொடுத்தார்.

பதூதாவின் மலையேற்ற விவரம் நம் பிள்ளைகளுக்குக் கதையாகவே சொல்லத் தக்கது. மலைக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று பாபா வழி, மற்றொன்று மாமா வழி. அதாவது ஆதமின் வழி, ஏவாளின் வழி. மாமா வழி எளியது. இறங்கும்போது அதைப் பயன்படுத்துவர். ஏறும்போதும் அவ்வழியே போனவனை யாத்திரை செய்தவனாகவே மற்றவர்கள் மதிப்பதில்லை. பாபா வழி செங்குத்தானது. பாறையில் பத்து இரும்புச் சங்கிலிகள் பொருத்தப்பட்டிருந்தன. பத்தாவது சங்கிலிக்குக் 'கலிமாச் சங்கிலி' என்று பெயர். அவ்விடத்தை அடைந்து கீழே நோக்குபவன் விழுந்துவிடுவோமோ என்று அஞ்சித் தன்னையறியாமல் கலிமாச் சொல்லிவிடுவானாம். திருவடியின் நீளம் பதினொரு சாண் என்கிறார். பாறையில் ஒன்பது குழிகள் இருந்தன. இசுலாமியரல்லாத யாத்திரிகர்கள் அவற்றில் பொன்னும் மணியும் இட்டு வழிபடுவர். ஏழைப் பக்கீர்கள் முந்தியடித்துக்கொண்டு ஓடி அவற்றை எடுத்துக்கொள்வர். பதூதாவின் கூட்டத்தார் சென்றபோது சில கற்களும் சிறிதளவு பொன்னுமே எஞ்சியிருந்தன. அவற்றை வழிகாட்டிக்குக் கொடுத்துவிட்டனர். ஒருவர் காணிக்கை இட, வேறு சமயத்தார் எடுத்துக்கொள்ள, அதை யாரும் குற்றமாகக் கருதாத ஒரு மலையுச்சி!

எல்லாம் இனிமையாகவே இருந்தது என்றும் எண்ணிவிட வேண்டாம். முற்காலத்தில் இசுலாமியரை அங்கே போகவிடாமல் தடுத்ததுண்டு, அவர்களோடு உண்பதுமில்லை. பிறகே மதிக்கத் தொடங்கினர் என்றும் பதூதா எழுதுகிறார். நல்லுறவு தானாக வந்ததன்று.

அவர் சொல்லும் இன்னொரு விந்தை: பழைய காலத்தில் சீனர்கள் வந்து அத்திருவடியின் பெருவிரல் இருந்த பாறைப் பகுதியை வெட்டியெடுத்துச் சென்று, சைத்தூன் நகரக் கோயில் ஒன்றில் வைத்துக்கொண்டனராம். சைத்தூன் என்பது இன்றைய சீனாவின் சுவான்சௌ துறைமுகம். 1281ஆம் ஆண்டுத் தமிழ்–சீனக் கல்வெட்டு கிடைத்த அதே ஊர்தான். தமிழ் வணிகர்கள் அங்கே சிவன் கோயில் எழுப்பியிருந்தனர் என்பதை நம் ஆசிரியர்கள் பலர் அறிவர்.

சீனர் என்றதும் மலாக்கா நினைவுக்கு வராமல் இருக்குமா? நம் வரலாற்று நூல்களில் வரும் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் கப்பல்கள் இலங்கைக்கும் சென்றன. அவருடன் பயணம் செய்த மா ஹுவான் என்னும் மொழிபெயர்ப்பாளர் இசுலாமியர். அவர் இம்மலையிலுள்ள சுவட்டை மனித குலத்தின் மூதாதையாகிய ஆதமின் அடி என்றெழுதி, சீனர்களுக்கு விளங்கும்படி 'அவரே நம் பாங்கு' என்றும் சேர்த்துக்கொண்டார். பாங்கு என்பவர் சீனத் தொன்மத்தில் வரும் ஆதிமனிதர். ஐந்தாவது காலும் வந்துவிட்டது, பாருங்கள்! செங் ஹோ கொண்டுவந்து நாட்டிய மும்மொழிக் கல்வெட்டு 1911இல் காலி நகரில் கண்டெடுக்கப்பட்டு, இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் பொறிக்கப்பட்ட ஆண்டு 1409. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனையில் கோயில் கொண்டிருந்த தென்னாவர நாயனாரையும், பாரசீகப் பகுதி அல்லாவையும் போற்றுகின்றன. இக்கல் மலைக்கு உரியதன்று. ஆயினும் அக்காலத்து இலங்கையில் மூன்று சமயத்தாருக்கும் காணிக்கை செலுத்துவதே அரசியல் அறிவு என்று ஒரு வெளிநாட்டுப் பேரரசு கருதியதை அது காட்டுகிறது.

மாணவன் எழுதிய 'பறித்தல்' எப்போது நடந்தது? நடந்ததுதான், ஆனால் அவன் எண்ணிய வரிசையில் அன்று.

சீதாவாக்கை மன்னன் முதலாம் இராசசிங்கன் (1581–1593) போர்த்துக்கீசியரை எதிர்த்துப் பல போர்கள் புரிந்தவன். தந்தையைக் கொன்ற பாவத்திற்குக் கழுவாய் உண்டோ என அவன் பிக்குகளைக் கேட்டான் என்றும், இல்லை என்ற மறுமொழி கேட்டுச் சினந்து சைவத்தைத் தழுவினான் என்றும், மலையின் வருவாயைச் சைவத் துறவிகளிடம் ஒப்படைத்தான் என்றும் சூளவம்சம் சொல்கிறது. சூளவம்சத்தின் இப்பகுதி இருநூறு ஆண்டுகளுக்குப் பின், 18ஆம் நூற்றாண்டில், பிக்கு ஒருவரால் எழுதப்பட்டது. ஆகவே மன்னனின் உள்நோக்கம் பற்றிய கதையைச் சற்று எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். எனினும் மலை சைவத் துறவிகளாகிய ஆண்டிகளின் பொறுப்பில் நெடுங்காலம் இருந்தது உண்மை. அதாவது முதலில் கைமாறியது பௌத்தரிடமிருந்து சைவரிடம்.

அதனைத் திரும்பவும் பிக்குகளிடம் அளித்தவர் கண்டி மன்னர் கீர்த்தி சிறீ இராசசிங்கர் (1747–1782). வெலிவிட்ட சரணங்கர தேரரிடம் மலையை ஒப்படைத்து, குட்டாபிட்டிய ஊரையும் மானியமாக வழங்கினார். சிங்களப் பௌத்த மறுமலர்ச்சியின் காவலர் என இம்மன்னரைப் போற்றுவர். சியாமிலிருந்து தேரர்களை வரவழைத்து 1753இல் பிக்குகளுக்கான உபசம்பதை மரபை மீட்டவரும் இவரே. இவர் யார்? மதுரையிலிருந்து வந்த நாயக்கர் குலத்தவர். இவருடைய உறவினர்கள் அரண்மனையில் தமிழ் பேசினர். 1760இல் இவரைக் கொல்லச் சதி செய்த பிரபுக்களும் பிக்குகளும் இவர் மீது வைத்த குறைகளுள் ஒன்று, திருநீறு பூசுகிறார் என்பது! திருநீறு பூசிய தென்னாட்டு மன்னர் ஒருவர்தான் சைவ ஆண்டிகளிடமிருந்து மலையை எடுத்துப் பௌத்தப் பிக்குகளுக்குக் கொடுத்தார். 'நாங்கள், அவர்கள்' என்ற இரண்டே சொற்களால் இதை எப்படி எழுதுவது?

ஆங்கிலேயர் வந்த பிறகு, 1817இல் மலையேறிய மருத்துவர் சான் டேவி தாம் உச்சியில் கண்ட காட்சியை எழுதியுள்ளார். வழிபாடு முடிந்ததும் யாத்திரிகர்கள் ஒருவரையொருவர் வணங்கினராம். மனைவியர் கணவரை, பிள்ளைகள் பெற்றோரை, இளையோர் முதியோரை. பின்னர் வெற்றிலை பரிமாறிக்கொண்டனர். மனத்தாங்கல்களை மலையிலேயே தீர்த்துக்கொண்டு இறங்குவதுதான் அச்சடங்கின் பொருள். நம் வீடுகளில் வெற்றிலை வைத்துப் பேசித் தீர்ப்பது இன்னும் முற்றாக மறையவில்லை என்பதனால், இதைப் படித்தபோது எனக்கு அந்நியமாகவே தோன்றவில்லை.

இனித் தோட்டங்களின் கதை. இதனை நாம், அதாவது பால்மரக் காட்டுக் குடும்பங்களில் பிறந்த நாம், சற்று நின்று படிக்க வேண்டும். இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குத் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் ஆள் திரட்டினர். அதே கங்காணி முறைதான் பின்னர் மலாயாவுக்கும் வந்தது. நம் முன்னோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினர்; அவர்களோ மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மலைநாடு வரை நடந்தனர். அந்நடையில் காய்ச்சலாலும் பசியாலும் மாண்டவர் எண்ணிலடங்கார். 1869இல் காப்பிச் செடிகளில் இலைநோய் தோன்றி, அடுத்த இருபதாண்டுகளில் அப்பயிரையே அழித்தது. அவ்விடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. மஸ்கெலியா, டிக்கோயாப் பகுதிகள் முழுவதும் தோட்டங்களாயின. 1884இல் இருப்புப்பாதை ஹட்டனை அடைந்தது.

இதனால் யாத்திரையின் திசையே மாறிற்று. பல நூற்றாண்டுகளாகப் பெருவழியாக இருந்தது இரத்தினபுரியிலிருந்து பலாபத்தல வழியாக ஏறும் நெடிய பாதை. இரயிலும் தோட்டச் சாலைகளும் வந்தபின் ஹட்டனிலிருந்து மஸ்கெலியா சென்று நல்லதண்ணியில் ஏறத் தொடங்கும் குறும்பாதையே மக்கள் வழியாயிற்று. இன்று மிகப் பலர் ஏறுவது அவ்வழியேதான். பாதையைச் சுற்றிலும் தமிழ்த் தொழிலாளர் உழைத்து உண்டாக்கிய தேயிலைச் சரிவுகள். லயத்து வாசலில் நின்று காலையில் கண் விழித்தால் எதிரே தெரிவது அச்சிகரம். அதைச் 'சிவனொளிபாதம்' என்று அழைத்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போனவர்கள் அவர்கள். நான்கு யோகிகளின் பழைய யாத்திரை இவ்வாறு ஆயிரக்கணக்கான எளிய மக்களின் யாத்திரையாக விரிந்தது.

அம்மக்களுக்கு நாடு இல்லாமற் போன காலமும் உண்டு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமாவோ – சாத்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் எஞ்சியிருந்தோருக்கு இலங்கைக் குடியுரிமை கிட்டியது. நீலநிற, சிவப்புநிற அடையாள அட்டைகளைப் பற்றிப் பாட்டன் பாட்டியர் பேசக் கேட்டு வளர்ந்த நமக்கு இதன் வலியை எவரும் விளக்க வேண்டியதில்லை. அவர்கள் கண்முன்னே ஊரும் போயிற்று. 1969இல் மௌஸ்ஸாகலை அணை கட்டி முடிக்கப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகரம் நீரில் மூழ்கியது. கடும் வறட்சியில் நீர்மட்டம் தாழ்ந்தால் பழைய வழிபாட்டிடங்களின் எச்சங்கள் இன்றும் வெளியே தலைகாட்டுகின்றன. மக்கள் போய்ப் பார்த்துவிட்டு வருகின்றனர்.

யாத்திரைக் காலம் திசம்பர் மாதப் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வைகாசிப் பௌர்ணமியில் நிறைவுறும். மற்ற மாதங்களில் மழையும் காற்றும் மிகுதி. நல்லதண்ணி வழியில் ஏறத்தாழ 5,500 படிகள். பத்துமலையில் 272 படி ஏறியதும் மூச்சு வாங்குகிறோமே, அதைப் போல் இருபது மடங்கு! இரவில் ஏறத் தொடங்கி விடியலுக்கு முன் உச்சியை அடைவது வழக்கம். முதன்முறை ஏறுபவருக்குச் சிங்களத்தில் தனிப்பெயர் உண்டு: 'கோடுகாரர்'. கூட்டத்தை வழிநடத்தும் மூத்தவர் 'நடே குரா'. சீத கங்குல ஓடையில் நீராடி வெள்ளைத் துணியில் காசு முடிந்து காணிக்கையாக்குவர். இந்திகட்டுபான என்னுமிடத்தில் ஊசியில் நூல் கோத்து விட்டுச் செல்வர். புத்தர் அங்கே தம் ஆடையைத் தைத்தார் என்பது நம்பிக்கை. ஏறுவோரும் இறங்குவோரும் 'கருணாவாய்' என்று வாழ்த்திக்கொள்வர். இடையே 'அரோகரா' என்னும் குரலும் கேட்கும். உச்சியில் ஒரு மணி உண்டு. எத்தனையாவது முறை வந்திருக்கிறோமோ அத்தனை முறை அடிக்க வேண்டும். இளைஞன் ஒரு முறை அடித்துவிட்டு நிற்க, பின்னால் வரும் பல்லில்லாத பாட்டி இருபது முறை அடிப்பதும் உண்டாம்.

கதிரவன் எழும்போது மலையின் நிழல் மேற்குப் பக்கத்து மூடுபனியின் மேல் முக்கோண வடிவில் விழுகிறது. சில நிமிடங்களே நிற்கும். வெயில் ஏற ஏறச் சுருங்கி மறையும். திருவடிப் பள்ளத்தையோ நேரில் காண இயலாது. துணியால் போர்த்தி வைத்திருப்பர். மேலே உள்ளது வெறும் அடையாளம், உண்மையான சுவடு அதற்கும் கீழே நீலமணிக் கல்லின் மேல் உள்ளது என்று நம்புவோரும் உளர்.

மறுநாள் மாணவனை அழைத்தேன். 'இது சிவபெருமானின் பாதம்' என்ற வரியை நான் அடிக்கவில்லை. 'என்று சைவர்கள் வழிபடுகின்றனர்' என்று ஓரத்தில் சேர்த்தேன். 'தமிழரின் மலை' என்பதில் ஓர் 'உம்' மட்டும் சேர்க்கச் சொன்னேன்: 'தமிழரின் மலையும்'. 'பறித்துக்கொண்டார்கள்' என்ற வரியை மட்டும் அவனே அடித்துவிட்டு, மணிமேகலையையும் நான்கு யோகிகளையும் பற்றிப் புதிதாக ஒரு பத்தி எழுதிவந்தான். அவன் தந்தை தொலைபேசியில், "மதிப்பெண் குறையுமா, ஐயா?" என்று மட்டும் கேட்டார். குறையாது என்றேன்.

பையனுக்கோ வேறு கவலை. கட்டுரையை வாங்கிக்கொண்டு வாசல் வரை போனவன் திரும்பி வந்து கேட்டான்: "அந்தச் சீனர்கள் வெட்டிக்கொண்டு போன கட்டைவிரல் இப்போது எங்கே இருக்கிறது, ஐயா?"